பாடகியின் காதல் கதையில் கடைசி அத்தியாயம் எது?

பாடகியைக் கதாநாயகியாக வைத்து எழுதப்படும் காதல் நாவல்களுக்கு ஒரு வழக்கமான பாதை உண்டு. முதல் அத்தியாயத்தில் அவள் மேடையில் பாடுவாள். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் அவன் சொக்கிப் போவான். நடுவில் இரண்டு வீட்டாரும் முகம் சுளிப்பார்கள். பிறகு யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்பார். "பாட்டா, குடும்பமா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லு." கடைசி அத்தியாயத்தில் அவள் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுப்பாள். இல்லையென்றால், மனம் மாறிய மாமியாரே தம்புராவை எடுத்துக் கையில் கொடுப்பார். சுபம்!

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால், நாவல் முடிகிற இடத்தில்தான் நிஜப் பாடகிகளின் பாடு ஆரம்பிக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளக் கற்பனைக் கதை எதுவும் வேண்டாம். கே.பி. சுந்தராம்பாளின் வாழ்க்கை ஒன்றே போதும்.

கொடுமுடிப் பெண்

'கே' என்றால் கொடுமுடி. ஈரோட்டுப் பக்கம் காவிரிக் கரையில் இருக்கும் ஊர். 'பி' என்றால் பாலாம்பாள். அது அப்பா பெயரல்ல, அம்மாவின் பெயர். 1908-ல் பிறந்த ஒரு பெண், வாழ்நாள் முழுவதும் அம்மாவின் பெயரையே இனிஷியலாகப் போட்டுக்கொண்டு, அந்தப் பெயரிலேயே நாடு முழுக்கப் புகழ் பெற்றிருக்கிறார்.

வீட்டில் வறுமை. மூன்று குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்தத் தாய் பட்ட கஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல. சின்னப் பெண் சுந்தராம்பாள் ரயிலில் பாடிக் காசு வாங்கியிருக்கிறாள். அந்தக் குரலைக் கேட்டு வியந்தவர்களில் ஒருவர், திருச்சியில் ரயில்வே அதிகாரியாகவும் நாடக ஆர்வலராகவும் இருந்த எஃப்.ஜி. நடேச ஐயர் என்று சொல்வார்கள். வேலு நாயரின் நாடகக் கம்பெனியில் சேர்ந்த சிறுமிக்கு 'நல்லதங்காள்' நாடகத்தில் பிள்ளை வேஷம். பசியால் துடிக்கும் குழந்தையாக அவள் பாடியபோது கொட்டகையே அழுததாம். பசி என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தக் காலத்து மேடையில் மைக் கிடையாது. ஆர்மோனியத்தையும் மிருதங்கத்தையும் தாண்டி, தரை டிக்கெட்டில் கடைசியாக உட்கார்ந்திருப்பவர் காதுக்கும் பாட்டுப் போய்ச் சேர வேண்டும். அப்படிப் பழகிய குரல் அது. அந்தக் குரல்தான் குடும்பத்தின் ஒரே சொத்து. பாட்டா குடும்பமா என்று அந்த வீட்டில் யாரும் கேட்டிருக்க முடியாது. பாடினால்தான் அடுப்பு எரியும்.

போட்டியாகத் தொடங்கிய காதல்

'ஸ்பெஷல் நாடகம்' என்று ஒரு வகை அப்போது பிரபலம். நடிகர்கள் ஒரே கம்பெனியைச் சேர்ந்தவர்களாக இருக்க மாட்டார்கள். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார். கதை எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஒத்திகை கிடையாது. அன்றைக்கு ராத்திரி மேடையில் நேருக்கு நேர் நின்று, பாட்டுக்குப் பாட்டு, பேச்சுக்குப் பேச்சு என்று விடிய விடிய நடக்கும். 'வள்ளி திருமணம்' என்றால் கேட்கவே வேண்டாம். தினைப்புனம் காக்கும் வள்ளியும் வேடனாக வரும் முருகனும் செய்கிற தர்க்கத்தைப் பார்க்கத்தான் கூட்டம் டிக்கெட் எடுக்கும்.

கொழும்பில் சுந்தராம்பாள் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்த 1926-ல், அங்கே வந்து சேர்ந்தார் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. கன்னையா கம்பெனியில் பாடி நடித்துப் புகழ் பெற்றவர். உச்ச ஸ்தாயியில் அனாயாசமாகச் சஞ்சரிக்கும் சாரீரம். 'அந்தப் பெண்ணோடு மேடையேறினால் ஜாக்கிரதை' என்று அவரை எச்சரித்தார்களாம். அவரும் ஏறினார். அவர் முருகன், சுந்தராம்பாள் வள்ளி. யார் ஜெயிப்பார்கள் என்று பார்க்க வந்த கூட்டத்தின் முன்னால், இருவரும் ஒருவர் குரலுக்கு ஒருவர் தோற்றுப் போனார்கள்.

பிறகு கல்யாணம். அவருக்கு வயது இருபதைச் சற்றே தாண்டியிருந்தது. சுந்தராம்பாள் இன்னும் இருபதைத் தொடவில்லை. இருவரும் சேர்ந்து நடிக்கும் நாடகம் என்றால் கொட்டகை நிரம்பி வழியும். நாவலாக இருந்தால் இங்கே 'முற்றும்' போட்டிருப்பார்கள்.

ஆனால் கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே திருமணம் ஆகியிருந்தது. மனைவியின் பெயர் கிட்டம்மாள். ஜாதியும் வேறு, குடும்பப் பின்னணியும் வேறு. மேடையில் ஜோடியாகக் கைதட்டி ஏற்றுக்கொண்ட ஊர், வீட்டில் அதே ஜோடியை ஏற்றுக்கொள்ளத் தயாராக இல்லை. சுந்தராம்பாளுக்குப் பிறந்த குழந்தையும் தங்கவில்லை. இடையில் சண்டை, சந்தேகம், பிரிவு, பிறகு சமாதானம், மறுபடியும் பிரிவு. கிட்டப்பாவைக் குடிப்பழக்கம் பிடித்துக்கொண்டது. உடம்பு கெட்டது.

அந்த நாட்களில் சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சில் வந்தன. பக்திப் பழமாக மட்டுமே அவரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தக் கடிதங்கள் ஆச்சரியம் தரும். அவற்றில் ஏக்கம் இருக்கிறது, பணிவும் இருக்கிறது. கூடவே கோபமும், 'என்னை இப்படி நடத்தலாமா' என்ற ரோஷமும் இருக்கின்றன. ஊர் ஊராகப் போய் ராத்திரி முழுக்கப் பாடிவிட்டு, பகலில் தபாலுக்குக் காத்திருந்த ஒரு இளம்பெண்ணின் எழுத்து அது.

1933 டிசம்பர் 2-ம் தேதி கிட்டப்பா இறந்தார். அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

வெள்ளைப் புடவை

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் தமிழ்நாடு திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. நகைகளைக் கழற்றி வைத்தார், வெள்ளைப் புடவை உடுத்தினார், நெற்றி நிறைய விபூதி பூசினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். கடைசி வரை அதை மாற்றிக்கொள்ளவே இல்லை. 'காதலுக்காக வாழ்நாள் முழுவதும் தவம் இருந்த பெண்' என்று எழுதிவிட்டுப் பலரும் பேனாவை மூடிவிடுகிறார்கள்.

சேர்ந்து வாழ்ந்தது சில ஆண்டுகள்தான். அதிலும் பாதி பிரிவு. அதன்பிறகு அவர் வாழ்ந்ததோ கிட்டத்தட்ட 47 ஆண்டுகள். அந்த 47 ஆண்டுகளை 'தவம்' என்ற ஒரே வார்த்தையில் அடக்கிவிட முடியுமா?

கொடுமுடி வீட்டில் கொஞ்ச காலம் முடங்கிக் கிடந்தார் என்பது உண்மைதான். பிறகு எழுந்து வந்தார். 1935-ல் 'நந்தனார்' படம். தயாரிப்பாளர் வீடு தேடி வந்து வற்புறுத்தியபோது, ஆளைத் தட்டிக்கழிப்பதற்காக 'ஒரு லட்சம் ரூபாய் கொடுங்கள்' என்று சொன்னதாகவும், அவர் சம்மதித்துவிட்டதாகவும் ஒரு கதை உண்டு. ஒரு பவுன் முப்பது ரூபாயைத் தொடாத காலம் அது! தட்டிக்கழிக்கக் கேட்டாரோ, தன் மதிப்புத் தெரிந்தே கேட்டாரோ, அந்த ஒரு லட்சம் இந்தியத் திரையுலகையே திரும்பிப் பார்க்கவைத்தது.

அந்தப் படத்தில் அவருக்குக் கொடுத்த வேஷமும் கவனிக்க வேண்டியது. நந்தனாரே அவர்தான். ஆண் வேஷம். பண்ணை வேதியராக நடித்தவர் சங்கீத மேதை மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். ஆணோடு ஜோடி சேர்வதில்லை என்ற விரதமும் கெடவில்லை, கதாநாயகன் இடமும் கைக்கு வந்தது.

அடுத்து அரசியல். தீரர் சத்தியமூர்த்தியின் தூண்டுதலில் காங்கிரஸ் மேடைகளில் தேசியப் பாடல்கள் பாடினார். 1937 தேர்தல் பிரசாரத்தில் ஊர் ஊராகப் போனார். 1951-ல் சென்னை மாகாண சட்ட மேலவை உறுப்பினர் ஆனார். திரைக் கலைஞர் ஒருவர் இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் நுழைந்தது அதுவே முதல் முறை. சினிமாவிலிருந்து கோட்டைக்குப் போனவர்களின் நீண்ட பட்டியலைத் தமிழ்நாடு பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. அந்தப் பட்டியலில் முதல் பெயர் ஒரு பெண்ணுடையது என்பது பலருக்கும் தெரியாது.

எஸ்.எஸ். வாசனின் ஜெமினி தயாரிப்பில் 1953-ல் 'ஔவையார்'. அதன்பின் 'பூம்புகார்', 'திருவிளையாடல்', 'கந்தன் கருணை'. 'துணைவன்' படத்தில் பாடியதற்காக 1969-ம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது, 1970-ல் பத்மஸ்ரீ. சொந்த ஊரில் ஒரு தியேட்டரும் கட்டினார். ரயிலில் பாடிய சிறுமி, அதே கொடுமுடியில் கொட்டகைக்கு முதலாளி!

வேலி

அந்த வெள்ளைப் புடவைக்குத் துக்கம் மட்டும்தான் அர்த்தமா என்று கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

1930-களில் இருபத்தைந்து வயதுப் பெண். நாடகக்காரி. கணவன் இல்லை, பிள்ளை இல்லை. ராத்திரி நேரங்களில் ஊர் ஊராகப் போக வேண்டும். காண்டிராக்டர்களோடு பணம் பேச வேண்டும். ஆயிரக்கணக்கான ஆண்கள் நிற்கும் பொதுக்கூட்டத்தில் பாட வேண்டும். அப்படிப்பட்ட பெண்ணைப் பற்றி ஊர் என்னவெல்லாம் பேசியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வெள்ளைப் புடவையும் விபூதியும் அந்த வாய்களை மூடின. அந்த உடையில் வந்தவரைக் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றியது. அவர் காதலுக்காக உடுத்தியது, தொழிலுக்கு வேலியாகவும் நின்றது. உண்மையான துக்கம் ஒரு பெண்ணுக்குப் பாதுகாப்பாகவும் அமைந்தால், அந்தத் துக்கம் பொய்யாகிவிடாது.

ஆனால் வேலிக்கு ஒரு விலை உண்டு. அதன்பிறகு சினிமாவில் அவருக்குக் கிடைத்தவை ஔவையாரும் கவுந்தி அடிகளும் போன்ற வேஷங்கள்தான். வயதானவர்கள், துறவிகள், சாமியிடமே உரிமையோடு பேசும் பாட்டிகள். எல்லாவற்றிலும் அவர் ஜொலித்தார். என்றாலும், தினைப்புனத்தில் நின்று முருகனையே பாட்டால் மடக்கிய அந்தப் பழைய வள்ளி மறுபடியும் வரவே இல்லை. காதல், கேலி, குறும்பு எல்லாம் தெரிந்த குரல் அது. அந்தக் குரலின் ஒரு பாதியை மட்டும்தான் பின்னால் வந்த தலைமுறைகள் கேட்டன.

மற்ற இரண்டு வீடுகள்

அவர் காலத்துக்குச் சற்றுப் பின்னால் வந்த இரண்டு பெரும் பாடகிகளின் வீடுகளையும் எட்டிப் பார்க்கலாம்.

மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி 1936-ல் சென்னைக்கு வந்தார். 1940-ல் சதாசிவத்தை மணந்தார். சதாசிவத்தின் முதல் மனைவியின் குழந்தைகளைத் தன் குழந்தைகளாக வளர்த்தார். கச்சேரியில் என்ன பாடுவது, எங்கே பாடுவது என்பதில் கணவரின் சொல்லே பெரும்பாலும் இறுதிச் சொல். 1941-ல் 'சாவித்திரி' படத்தில் எம்.எஸ். போட்டது நாரதர் வேஷம், அதாவது ஆண் வேஷம். அந்தச் சம்பளம் 'கல்கி' பத்திரிகை தொடங்க முதலாக உதவியது. ஐக்கிய நாடுகள் சபை வரை போய்ப் பாடிய அந்தக் குரல், 1997-ல் சதாசிவம் மறைந்த பிறகு கச்சேரி மேடை ஏறவில்லை.

காஞ்சிபுரத்து டி.கே. பட்டம்மாளின் கதை வேறு விதம். பிராமணக் குடும்பத்துப் பெண் மேடையேறிப் பாடுவதே பேச்சுக்கு இடமாக இருந்த காலத்தில் அவர் பாடினார். ஆண்களுக்கே உரியது என்று ஒதுக்கி வைத்திருந்த ராகம் தானம் பல்லவியைக் கச்சேரியில் தைரியமாக எடுத்தார். 1939-ல் ஈஸ்வரனைக் கைப்பிடித்தார். கணவர் கடைசி வரை துணையாக நின்றார். ஆனால் பட்டம்மாளும் தனக்கு ஒரு கோடு கிழித்துக்கொண்டார். சினிமாவில் பக்திப் பாட்டு, தேசபக்திப் பாட்டு என்றால் சரி, காதல் பாட்டு என்றால் முடியாது.

மூன்று வீடுகள். ஒருவருக்கு வெள்ளைப் புடவை, ஒருவருக்குக் கணவரின் சொல், ஒருவருக்குத் தானே போட்டுக்கொண்ட கோடு. மூவருமே பாட்டை விடவில்லை. பாட்டை விடாமல் இருப்பதற்காக ஆளுக்கொரு வழியில் ஏதோ ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தது என்ன என்பதை மேடையில் யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லிக்கொள்ளவில்லை.

"ஒரு பாட்டுப் பாடும்மா"

இதெல்லாம் பழைய கதை, இப்போது காலம் மாறிவிட்டது என்று தோன்றலாம். ஓரளவு மாறித்தான் இருக்கிறது. ஆனால் பெண் பார்க்கும் வைபவத்தை நினைத்துப் பார்த்தால் போதும். பஜ்ஜி, சொஜ்ஜி, காபி எல்லாம் ஆன பிறகு, 'பொண்ணுக்குப் பாடத் தெரியுமாமே, ஒரு பாட்டுப் பாடும்மா' என்று கேட்காத தலைமுறை உண்டா? பாய் விரித்து, சுருதிப் பெட்டியை எடுத்து வைத்து, அந்தப் பெண்ணும் பாடியிருப்பாள். கல்யாணம் முடிந்து புகுந்த வீட்டில் அதே பெண் காலையில் சாதகம் செய்ய உட்கார்ந்தால், 'இந்த நேரத்துல என்ன பாட்டு? குக்கரை யாரு பார்க்கிறது?' என்று கேள்வி வந்திருக்கும். கேட்டு வாங்கிய பாட்டை, கேட்காமலே நிறுத்திவிட்டார்கள்.

இன்று டி.வி. பாட்டுப் போட்டியில் மகள் பாடினால் வீடே முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறது. மருமகள் மார்கழியில் சபாவில் பாடப் போனால், குழந்தையை யார் பார்ப்பது, ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்ற பேச்சு இன்னும் பல வீடுகளில் எழுகிறது. பாட்டியும் தாத்தாவும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சபாவுக்கே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் வீடுகளும் உண்டு. இடைவேளையில் குழந்தைக்குப் பால் புகட்டிவிட்டு மேடைக்குத் திரும்பும் பாடகிக்கு, பக்க வாத்தியத்தைவிடப் பெரிய பக்க பலம் அவர்கள்தான்.

கேட்கப்படாத கேள்வி

மறுபடியும் கொழும்பு மேடைக்குப் போகலாம். அங்கே நின்றவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் பாடகர்கள். இரண்டு பேருக்கும் புகழ், இரண்டு பேருக்கும் காதல், இரண்டு பேருக்கும் குடும்பம்.

கிட்டப்பாவிடம் யாரும் 'பாட்டா, குடும்பமா' என்று கேட்டதாகத் தகவல் இல்லை. அவருக்கு இரண்டு குடும்பங்கள் இருந்தன, பாட்டும் இருந்தது. அவர் அகாலத்தில் போனபோது தமிழ்நாடு அழுதது. இவ்வளவு பெரிய குரல் இவ்வளவு சீக்கிரம் அடங்கிவிட்டதே என்று இன்றும் வருந்துகிறது. அந்த வருத்தம் நியாயமானது.

அதே நியாயத்தில் சுந்தராம்பாளுக்கும் கொஞ்சம் பங்கு வேண்டும். கணவனை இழந்த பெண் என்ற ஒரு வரியோடு அவரை நிறுத்திவிடக் கூடாது. அம்மாவின் பெயரை முன்னால் வைத்துக்கொண்டு, சம்பளம் பேசி, தேர்தல் மேடையில் முழங்கி, மேலவையில் உட்கார்ந்து, ஊரில் தியேட்டர் கட்டி, அறுபது வயதில் தேசிய விருது வாங்கியவர் அவர். காதலை அவர் மறக்கவில்லை. அந்தக் காதலைச் சுமந்துகொண்டேதான் இத்தனையையும் செய்தார்.

1973-ல் வந்த 'காரைக்கால் அம்மையார்' படத்தில் வயதான அம்மையாராக நடித்தார். கணவனுக்காக வைத்திருந்த அழகு இனி எதற்கு என்று உதறிவிட்டு, பேயுருவம் வேண்டிப் பெற்று, பாடிக்கொண்டே கயிலைக்கு நடந்த பெண்ணின் கதை அது. சுந்தராம்பாள் 1980-ல் காலமானார். ஆடி மாத விடியலில் கோயில் ஒலிபெருக்கியில் அவர் குரல் எழுந்தால், பால் வாங்க வந்தவர்கள்கூட ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

பாடகியின் காதலை இனி எழுதப்போகும் நாவலாசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம் வைக்கலாம். அந்தக் கேள்வியை ஒரு தடவையாவது அவனிடம் கேளுங்கள். அவள் கச்சேரிக்குக் கிளம்பும் சாயங்காலம் அவன் சீக்கிரம் வீடு திரும்புவானா? குழந்தைக்கு ஜுரம் என்றால் யார் லீவு போடுவார்கள்? அவளுக்குத் தன்னைவிடக் கைதட்டல் அதிகமானால் அவன் முகம் எப்படி இருக்கும்? அதை உள்ளபடி எழுதினால், கடைசி அத்தியாயத்தில் அவள் எதையும் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருக்காது.